கான்கிரீட் மேல் ஓக் பலகை: முன்பணம் கொடுப்பதற்கு முன்

தம்பி, டெக்சாஸில் டாலஸ் பக்கத்து பிரிஸ்கோவில் வாங்கிய வீட்டில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு முக்கால் அங்குல ஓக் பலகை போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். காண்ட்ராக்டர் கான்கிரீட்டிலேயே பசை வைத்து ஒட்டித் தருகிறாராம், சரியா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டாலஸ் பக்கம் குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் ஒட்டினேன்.

நம்மூரில் சிமெண்டுத் தரை ஈரம் இழுத்தாலும் மேலே மொசைக்கோ டைல்ஸோ இருப்பதால் தெரிவதில்லை. மரம் அப்படியா? ஐப்பசி மழையில் வாசல் கதவு உப்பிப்போய் நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதேதான் இங்கும். மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியே ஏறி, பலகையின் அடிப்பக்கம் மட்டும் உப்பும். ஓரங்கள் தூக்கும், நடு குழியும். எங்கள் கூடத்தில் எட்டே மாதத்தில் இது நடந்தது. இழைத்துச் சமமாக்கலாம் என்றார் போட்டவர். நம்பி இழைக்கவிட்டேன். ஈரம் வற்றியதும் ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் பெயர்த்தோம்.

ஆகவே முதலில் ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு உள்ள டப்பாவைத் தரையில் மூடிவைத்து, மூன்று நாள் கழித்து எடை பார்ப்பார்கள். 1000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் 3 பவுண்டுக்கு மேல் ஈரம் வந்தால், நானாக இருந்தால் முழு மரத்தை விட்டுவிட்டு இன்ஜினியர்டு வுட் (பிளைவுட் போன்ற அடுக்குகளின் மேல் மெல்லிய மரம் ஒட்டிய பலகை) போடுவேன்.

அளவு குறைவாக வந்தால்கூட நேராக ஒட்ட வேண்டாம். 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலிதீன் ஷீட்டை விரித்து, இணைப்புகளை நன்றாக மேவவிட்டு டேப் ஒட்டுங்கள். அதன்மேல் அரை அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு, குறுக்கும் நெடுக்குமாக. இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் திருகுங்கள், அடியிலுள்ள கான்கிரீட் ஸ்லாபில் திருகவே கூடாது. உங்கள் பக்கத்துப் புது வீடுகளில் பெரும்பாலும் ஸ்லாபுக்குள் இரும்பு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கராஜ் தரையைப் பாருங்கள், வெட்டவோ துளைக்கவோ கூடாது என்று முத்திரை குத்தியிருக்கலாம். துளைக்கும்போது வடம் அறுந்தால் உயிருக்கே ஆபத்து.

பலகையை அடிக்கும் ஆணி ஷீட்டைக் குத்தக்கூடாது, ஒன்றரை அங்குலம் போதும். சுவரோரம் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், மரம் விரிய அது வேண்டும். அதற்கு முன் பலகைக் கட்டுகளைப் பிரித்து, ஏசி ஓடும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழக்குங்கள். பலகைக்கும் பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் வரட்டும். 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான பலகை என்றால் 2 சதவீதம்.

அப்புறம், தரை ஒன்றே முக்கால் அங்குலம் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும். சமையலறையிலும் போட்டால் டிஷ்வாஷரை வெளியே இழுக்க முடியாமல் போகலாம், அதையும் முன்பே அளந்துவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா வரும்போது வாளித் தண்ணீரில் தரை துடைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கால்சியம் குளோரைடு அளவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை பலகைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.