கதைகளைக் கிரயம் செய்யலாமா, குத்தகைக்கு விடலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 9,000 ரூபாய். விடியற்காலையில் எழுந்து சிறுவர் கதைகள் எழுதுவேன். முதல் புத்தகம் மூன்று ஆண்டில் 700 பிரதிகள் விற்றது. பள்ளிகளுக்குக் கதை சொல்லப் போனால் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் தருகிறார்கள். மாதம் இரண்டு அழைப்பு வரும், பரீட்சை மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் ஒன்றும் இராது. இப்போது ஒரு பதிப்பாளர், புதிதாக எழுதிய ஐந்து கதைப் புத்தகங்களுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் தருவதாகவும், முழு உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இல்லையென்றால் 10 சதவீத ராயல்டி, வருடம் ஒருமுறை. போன சம்பாவுக்காக என் நகையை 45,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம், மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. சொந்த நிலம் மூன்று ஏக்கர். “மொத்தமாக வாங்கி நகையை மீட்டுவிடலாம்” என்கிறார் கணவர். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். வரி வருமா? என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் 675 ரூபாய் வட்டி போவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிலத்தின் கணக்கிலேயே சொல்கிறேன். பதிப்பாளர் கேட்பது கிரயம். ராயல்டி என்பது வாரம், விளைந்ததில் பங்கு. இரண்டுக்கும் நடுவே குத்தகை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

முதலில் வாரத்தின், அதாவது ராயல்டியின் கணக்கு. புத்தகம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 8 ரூபாய். 40,000 ரூபாய் கைக்கு வர 5,000 பிரதிகள் விற்க வேண்டும். உங்கள் முதல் புத்தகம் வருடத்துக்கு 230 பிரதிகள் போலப் போயிருக்கிறது. ஐந்து புத்தகமும் அதே வேகத்தில் போனால் வருடத்துக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வரும். நாலே கால் வருடத்தில் 40,000-ஐத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மேல்வரவு. சிறுவர் புத்தகத்துக்கு ஒரு பலம் உண்டு: ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஒரு வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடுகிறார்கள். பொது நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணை ஒன்று கிடைத்தால் கணக்கே மாறும். ஆனால் அந்தப் பணத்தை நம்பி எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். அந்த 10 சதவீதம் உங்களுக்கு மட்டுமா, படம் வரைபவருக்கும் சேர்த்தா? ஓவியருக்கு அதில் 4 சதவீதம் போனால் உங்களுக்குப் பிரதிக்கு 4 ரூபாய் 80 காசுதான். அப்போது நாலே கால் வருடம் ஏழு வருடமாகிவிடும். ஓவியருக்குப் பங்கு தரவேண்டியதுதான், சிறுவர் புத்தகத்தில் பாதி உயிர் படம். அதைப் பதிப்பாளர் தன் கணக்கிலிருந்து தரவேண்டும் என்று பேசிப் பாருங்கள்.

என்னிடம் வரும் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர், சிறுவர் கதைகள் மூன்றை 6,000 ரூபாய்க்கு முழுசாக எழுதிக் கொடுத்திருந்தார். பல வருடம் கழித்து, பேத்தி செல்போனில் கதை கேட்டுக்கொண்டிருந்தாளாம். இரண்டு வாக்கியம் காதில் விழுந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, தன் கதை. ஒலிநூலாகியிருக்கிறது. ஒரு பைசா வரவில்லை; கேட்கவும் வழியில்லை, தாளில் “எல்லா உரிமைகளும்” என்று இருந்தது. என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பணத்துக்காக இல்லை.

பதிப்புரிமைச் சட்டம் (1957) உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்ற முடியும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் “நிரந்தரமாக” என்ற ஒரு சொல் அந்தப் பாதுகாப்பைத் தட்டிவிடும். எழுத்தாளர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் பதிப்புரிமை நீடிக்கும். உங்கள் மகளுக்குப் போய்ச் சேரவேண்டிய சொத்து அது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: தமிழ் அச்சு நூல் உரிமை மட்டும், ஐந்து வருடம், 10 சதவீத ராயல்டி, அதில் கழித்துக்கொள்ளும்படி 15,000 ரூபாய் முன்பணம். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை எல்லாம் உங்களிடமே. கணக்கெழுத முடியாது, மொத்தத் தொகைதான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அதே ஐந்து வருடத்துக்கு 25,000 ரூபாய் குத்தகை. வேண்டாம் என்று அவர் போய்விட்டால் போகட்டும். இன்னொருவர் வருவார்.

இனி நகை. 40,000 வாங்கினாலும் 45,000 கடன் தீராது, இதைக் கவனித்தீர்களா? முன்பணம் 15,000-ஐ அசலில் கட்டுங்கள். வட்டி மாதம் 450 ஆகிவிடும். கதை சொல்லப் போகும் 3,000-ல் 2,000-ஐ அங்கேயே போடுங்கள். மிச்சத்தைத் தை அறுவடையில் முடியுங்கள். இந்தச் சம்பாவுக்கு மறுபடி அடகுக் கடைக்குப் போகாமலிருப்பது அதைவிட முக்கியம். நிலம் சொந்தம்தானே? சிட்டா, அடங்கலோடு உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. பழைய பாக்கி இருந்தால் தரமாட்டார்கள், அதை முதலில் விசாரியுங்கள்.

வரிக் கவலை வேண்டாம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் வரவே இல்லை. ஒரு பதிப்பாளர் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் ராயல்டி கொடுத்தால்தான் 10 சதவீதம் வரியாகப் பிடிப்பார். அதையும் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். பான் எண்ணை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

மகளுக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள். வருடம் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். நகை மீண்ட பிறகு வரும் ராயல்டி முழுவதும் அதில் போகட்டும். கணவர் இரவிலும் வயலுக்குப் போகவேண்டியிருக்கும், மின்மோட்டாரும் பாம்பும் உள்ள இடம். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது, இந்த வாரமே போடுங்கள்.

பதிப்பாளர் ஒப்புக்கொண்டு, அதே பழைய தாளையே நீட்டினால், “நிரந்தரமாக”, “எல்லா உரிமைகளும்” என்ற சொற்களைப் பேனாவால் அடித்து, மேலே “ஐந்து ஆண்டுகள், தமிழ் அச்சு நூல் மட்டும்” என்று எழுதுங்கள். அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு ஜெராக்ஸை அங்கேயே எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.