வால்வு நோய்: ஊசியை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: மகளுக்கு வயது 11. மூட்டுவீக்கமும் காய்ச்சலும் வந்து போய்விட்டன. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் மைட்ரல் வால்வில் லேசான கசிவு என்கிறார்கள். நன்றாக ஓடியாடுகிறாள். மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி எதற்கு?

பதில்: அவள் இப்படியே ஓடியாடத்தான். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்த 2, 3 வாரத்தில், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பாற்றல் வால்வையும் மூட்டையும் சேர்த்துத் தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு ஆறிவிடும். வால்வில் தழும்பு தங்கலாம். அடுத்தடுத்த தொற்றில் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு, மீன்வாய் போல 1 சதுர செ.மீ.க்குக் குறுகியதை எக்கோ திரையில் பார்த்திருக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று அந்தப் பெண் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். தொற்று திரும்ப வராமல் தடுக்கத்தான் இந்த ஊசி. தேதி தவறாமல் போடுங்கள்.

கேள்வி: மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், நின்றால் போய்விடுகிறது. ஈசிஜி நார்மல்.

பதில்: ஓய்வில் எடுத்த ஈசிஜியை நம்பாதீர்கள். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வந்தால் நேரே அவசரப் பிரிவு.

கேள்வி: உலோக வால்வு வைத்திருக்கிறேன். ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினுக்குப் பதில், அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: கூடாது. உலோக வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்து வார்ஃபரின்தான்.

கேள்வி: பையனுக்கு 17, கசிவு இருக்கிறது, காய்ச்சல் வந்து ஆறு வருடமாகிறது. ஊசியை நிறுத்தலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வால்வில் பாதிப்பு நீடித்தால் கடைசித் தாக்குதலிலிருந்து 10 வருடம் அல்லது 40 வயது, எது பிந்தியதோ அதுவரை.

கேள்வி: ஊசி போட்டு இறந்தவர்கள் உண்டு. அதைச் சொல்லாமல் எல்லாரையும் போடச் சொல்கிறீர்களே?

பதில்: நியாயமான கேள்வி. அப்படி இறந்தவர்களில் பலருக்கு வால்வு ஏற்கெனவே கடுமையாகக் கெட்டிருந்தது. காரணம் ஒவ்வாமையை விட, பலவீனமான இதயம் ஊசி போடும் அதிர்ச்சியைத் தாங்காததாகவே தோன்றுகிறது. அதனால்தான் 2022இல் அமெரிக்க இதயச் சங்கம், அறிகுறிகளோடு கடுமையான வால்வு நோய் இருப்பவர்களுக்கு ஊசியை விட மாத்திரையே மேல் என்றது. ஆனால் நோய் தொடக்கநிலையில் இருக்கும் குழந்தைகளுக்கு? உகாண்டாவில் அப்படிப்பட்ட 818 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஊசியை...

பதில்: நிறுத்தாதீர்கள்.