ஜெனீவாவுக்கு எழுதுவதற்கு முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தம்பியைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு நாள் பொலிஸில் வைத்து அடித்திருக்கிறார்கள். பிறகு வழக்கே போடாமல் விட்டுவிட்டார்கள். இன்றோடு 19 நாள். இங்கே யாரிடம் போயும் பயனில்லை, நேரே ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை அமைப்புகளுக்கு எழுது என்கிறார்கள். விலாசம் தருவீர்களா? (வாசகர், நோர்வூட்)

பதில்: விலாசம் பெரிய காரியமில்லை. ஜெனீவாவில் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்விதான் பெரியது: “உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் என்ன நடந்தது?” போகவே இல்லை என்றால் மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே இப்போதைக்கு 19 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. தடுத்து வைத்திருந்த நாட்களை நீதிமன்றம் கழித்துக் கணக்கிட்டதும் உண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் வேலை ஆஸ்பத்திரி. வீக்கம் வடிந்திருக்கும், கன்றிய இடம் மஞ்சளாகி மறைந்துகொண்டிருக்கும். இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போய், சட்ட வைத்திய அதிகாரி (வழக்குகளுக்காகக் காயங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் டொக்டர்) பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காயம் எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டதும் பயத்தில் “விழுந்துவிட்டேன்” என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு சொல் பதிவேட்டில் ஏறினால் பிறகு எந்த வக்கீலாலும் அதை இறக்க முடியாது. “பொலிஸ் நிலையத்தில் அடித்தார்கள்” என்று சொல்லி, அப்படியே எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயங்களைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டமோ நாணயமோ வையுங்கள், அளவு தெரியும். பரிசோதனைப் படிவம் வழக்கமாகப் பொலிஸ் ஊடாகத்தான் வரும். அதைத் தர மறுத்தால், மறுத்த திகதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, முறைப்பாட்டில் அதையும் சேருங்கள்.

அடுத்தது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. அவசரத்துக்கு 1996 என்ற இலக்கம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் 13ஆம் பிரிவு முக்கியமானது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, முறைப்பாடு கொடுத்த ரசீதோடு ஆறு மாதம் கழித்து வந்து நிற்பவர்களுக்குத்தான் கதவு மூடுகிறது. ரசீது மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று காட்ட வேண்டும் என நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. எனவே இரண்டையும் செய்யுங்கள்: இந்தக் கிழமைக்குள் ஆணைக்குழு, மாதம் முடியுமுன் உயர் நீதிமன்றம்.

காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அதுவும் கைகூடாவிட்டால் 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளில் 44(7) இருக்கிறது. மனு, சத்தியக் கடதாசி எதுவுமில்லாமல் பாதிக்கப்பட்டவர் எழுதும் சாதாரணக் கடிதத்தையே மனுவாக ஏற்க அது இடம் தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தாலே மீறல் தெரிய வேண்டும், எழுதுகிறவருக்கு வழக்காட வசதி இல்லை என்பது புலப்பட வேண்டும். பலருக்குத் தெரியாத விதி இது.

எழுதும் விதத்தில்தான் பாதி முறைப்பாடு கெடுகிறது. “பொலிஸார் காட்டுமிராண்டித்தனமாகத் தாக்கினர்” என்ற வாக்கியத்தை வைத்து எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. “12ஆம் திகதி மாலை 6.30 மணியளவில், பின்பக்க அறையில், சாதாரண உடையிலிருந்த ஒருவர் வலது உள்ளங்காலில் பொல்லால் நாலைந்து தரம் அடித்தார், சீருடையில் நின்ற இன்னொருவர் கையைப் பிடித்திருந்தார்” என்று இருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் உயரம், பதவிப் பட்டி, வாகன இலக்கம். கூட அடைக்கப்பட்டிருந்தவர் யார்? சாப்பாடு கொண்டுபோனவர் யார்? எல்லாம் வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருந்தார்களா என்பதையும் எழுதுங்கள். அடித்தது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு எதிரானது, சட்டப்படியில்லாமல் தடுத்து வைத்தது 13ஆம் உறுப்புரைக்கு எதிரானது. இரண்டும் வேறு வேறு மீறல்.

சித்திரவதை இங்கே குற்றமும்கூட. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. ஆனால் அந்த வழக்கை மேல் நீதிமன்றத்தில் தொடர வேண்டியவர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர், நீங்களல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் ஜெனீவா. அங்கே இரண்டு வாசல் உண்டு. ஒன்று ஐ.நா. மனித உரிமைகள் குழு. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் கீழ் தனியாள் முறைப்பாட்டுக்கு வழி திறக்கும் விருப்பு நெறிமுறையில் (நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தம்) இலங்கை 1997இல் சேர்ந்தது. மற்றது ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழு. அதன் தனியாள் முறைப்பாட்டு வழியை 2016இல் ஏற்றது. இரண்டுமே உள்நாட்டுப் பரிகாரம் தீர்ந்துவிட்டதா, அல்லது நியாயமற்று இழுபடுகிறதா என்று கேட்கும். முதலாவது குழுவுக்கு, உள்நாட்டில் எல்லாம் முடிந்து 5 ஆண்டுக்கு மேல் போனால் தாமதம் என்று தள்ளப்படலாம். அங்கே வென்றால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக்கூடாது: அந்தக் குழுவின் முடிவு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பிரதேச செயலகக் கடிதமும் சிங்களத்தில்தான் வருகிறது. இது பழகிப்போன விஷயம்தானே? (வாசகி, ராகலை)

பதில்: பழகிப்போனதுதான், சட்டமில்லை. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழர் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கவும், தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. செயலகக் கடிதத்துக்கு, தமிழில் அனுப்பித் தரும்படி இரண்டு வரி எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். பதில் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மொழி உரிமை மீறலுக்கும் 126இன் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். அதே ஒரு மாதம்தான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாமல் தப்ப முடியாத நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: “இது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை.” திகதியும் நேரமும் போடுங்கள். நீங்கள் எழுதியதை வெட்டிவிட்டு வேறு தாள் கொண்டுவந்தாலும் அதிலும் அதையே எழுதுங்கள்.

கேள்வி: மனித உரிமைகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த கடிதம் தோட்ட ஆபீசிலேயே மூன்று கிழமை கிடந்திருக்கிறது. விசாரணைத் திகதி போய்விட்டது. (வாசகர், புசல்லாவ)

பதில்: உடனே தொலைபேசியில் கதைத்து, கூடவே எழுத்திலும் காரணத்தை அறிவியுங்கள். முறைப்பாட்டாளர் வரவில்லை என்று கோப்பை மூடிவிடக்கூடும். இனி எந்த முறைப்பாட்டிலும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) விலாசத்தோடு டவுனில் உள்ள உறவினர் வீடு அல்லது தெரிந்த கடை என்று இரண்டாவது விலாசமும், இரண்டு தொலைபேசி இலக்கமும் கொடுங்கள். சொந்தப் பெயருக்கு வரும் கடிதம் சொந்த வாசலுக்கு வராததே தனியாக ஒரு முறைப்பாட்டுக்குப் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: தோட்டத்துத் துரையோடு (முகாமையாளரோடு) வாக்குவாதப்பட்டேன் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாமா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: தோட்டம் தனியார் கம்பனியின் கையில் என்றால் அந்த வழி பொருந்தாது. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிரானது. மலையகத்தின் பெரும்பாலான தோட்டங்கள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் இருக்கின்றன. உங்களுக்குரிய இடம் தொழில் நியாய சபை. வேலை நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள். கடைசி வருடச் சம்பளத் துண்டுகளையும், நிறுத்திய கடிதம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வாயால் சொல்லி நிறுத்தியிருந்தால் அடுத்த நாளே வேலைக்குப் போய், திருப்பி அனுப்பியதைச் சாட்சியோடு குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் “அவராகவே வராமல் விட்டார்” என்பதுதான் மறுபக்கத்தின் பதிலாக இருக்கும். சேமலாப நிதி (உங்கள் 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம்) கட்டியிருக்கிறார்களா என்றும் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். அங்கே முறையிட்டும் திணைக்களம் அசையாவிட்டால், அந்த அசையாமைக்காக ஆணைக்குழுவை நாடலாம். ஏனென்றால் திணைக்களம் அரசாங்கம்.

சர்வதேசத் தொழில் அமைப்புக்குத் தனியாள் முறையிட முடியாது. தொழிற்சங்கம் முறையிடலாம். சங்கங்கள் சந்தா வாங்குகிற வேகத்தில் இதையும் செய்தால் நல்லது.

கேள்வி: பாட்டிக்கு அடையாள அட்டையே இல்லை. அவர் இன்னும் நாடற்றவரா? (வாசகி, பசறை)

பதில்: பெரும்பாலும் இல்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியினரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜைகளாகிவிட்டார்கள். பாட்டிக்கு இல்லாதது அநேகமாக ஆவணம். பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். பழைய தோட்டப் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் உதவும். அட்டை இல்லாத வரைக்கும் உரிமை இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்: அரசியலமைப்பின் 11 (சித்திரவதைக்கு எதிரானது), 12(1) (சட்டத்தின் முன் சமத்துவம்), 13 (கைது, தடுப்பு) ஆகியவை எல்லா ஆட்களுக்கும் உரியவை. பிரஜைக்கு மட்டும் என்று இருப்பவற்றில் முக்கியமானது பேச்சு, ஒன்றுகூடல் போன்ற சுதந்திரங்களைத் தரும் 14ஆம் உறுப்புரை.

கேள்வி: ஐ.நா.விலிருந்து ஆட்கள் வந்து லயன்களைப் பார்த்துப் போகிறார்கள். அதனால் என்ன நடந்தது? நாங்களும் அவர்களுக்கு எழுதலாமா? (வாசகர், அக்கரப்பத்தனை)

பதில்: அடிமைத்தனத்தின் சமகால வடிவங்கள் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் (ஒரு விடயத்தை ஆராய்ந்து அறிக்கையிட நியமிக்கப்படும் சுயாதீன நிபுணர்) டொமோயா ஒபொகாட்டா 2021 நவம்பர் இறுதியில் வந்தார். லயன் அறைகளின் நெருக்கடியை அவரது அறிக்கை பதிவு செய்தது. 2022இல் அது நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக்குப் போனது. லயன் அப்படியேதான் இருக்கிறது என்பீர்கள், உண்மை. ஆனாலும் மலையகம் பற்றி இலங்கை அரசு அங்கே பதில் சொல்ல வேண்டி வரும்போது அந்தப் பக்கங்கள் மேசையில் இருக்கின்றன.

எழுதலாம். விசேட அறிக்கையாளருக்கு எழுத உள்நாட்டு வழக்கு முடிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேலே சொன்ன இரண்டு குழுக்களுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. அவர் எடுத்துக்கொண்டால் அரசுக்குக் கடிதம் போகும், பதிலுக்கு வழக்கமாக 60 நாள். பிறகு இரண்டும் பகிரங்கமாகும். இங்கே கவனம் வேண்டும்: பகிரங்க அறிக்கையில் பெயரை மறைக்கலாம், அரசுக்குப் போகும் கடிதத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர் பொதுவாக இருக்கும். எனவே அவருக்கு இதை விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் அனுப்பாதீர்கள்.

ஒரு ஆளின் விஷயமாக இல்லாமல் தோட்டத்தின் வீடு, தண்ணீர், பாதை பற்றியது என்றால் உலகளாவிய காலாந்தர மீளாய்வு, அதாவது ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் மற்ற நாடுகள் பரிசீலிக்கும் முறை, பொருத்தம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். இலங்கையுடையது கடைசியாக 2023 பெப்ரவரியில் நடந்தது. அதற்கு அனுப்பும் அறிக்கை, ஓர் அமைப்பு தனியே அனுப்பினால் 2,815 சொல்லுக்குள், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நாலைந்து தோட்டத்து அமைப்புகள் சேர்ந்து ஒன்றாக எழுதினால் இடமும் கூடக் கிடைக்கும், எத்தனை லயனுக்கு எத்தனை குழாய் என்ற கணக்கையும் தோட்டம் தோட்டமாகப் போட முடியும்.