தாளவாடியின் இரண்டு திசைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்லையோரச் சிற்றூர்களில் எந்தப் பண்பாடும் வேர்பிடிப்பதில்லை, அங்குள்ளவர்கள் இரண்டுங்கெட்டானாகவே வாழ்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் தாளவாடிப் பகுதியைச் சுட்டிச் சொன்னார். இது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இது தொலைவில் இருந்துகொண்டு வழங்கும் தீர்ப்பு. தாளவாடி ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து சத்தியமங்கலம் வர வேண்டுமென்றால், புலிகள் காப்பகக் காட்டைக் கடந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியாக வேண்டும். கர்நாடகத்தின் சாம்ராஜ்நகருக்கோ மலையிறங்கும் வேலையே இல்லை. அதனால் பட்டாவும் ரேஷன் அட்டையும் ஒரு திசையிலும், சந்தையும் சம்பந்தமும் பெரும்பாலும் மறு திசையிலும் அமைந்துவிட்டன. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்கு (இன்றைய கர்நாடகத்துக்கு)ப் போக, தாளவாடி சென்னை மாநிலத்திலேயே நின்றது. கோடு மாறியதே தவிர, கொண்டு கொடுத்த உறவுகள் மாறவில்லை.

வேர் இல்லை என்பவர், தீபாவளிக்குப் பிறகு கும்டாபுரம் பீரேஸ்வரர் கோயிலில் நடக்கும் சாணியடித் திருவிழாவைப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் திரட்டிய சாணத்தை டிராக்டர்களில் கொண்டுவந்து கோயிலருகே குவித்து, பூசை முடிந்ததும் வெற்றுடம்போடு ஆண்கள் உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள். எஞ்சிய சாணம் வயலுக்கு எருவாகப் போகிறது. கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், யாரும் அவர்களை அயலாராக நடத்துவதில்லை.

ஒன்று உண்மை: அம்மக்களிடம் ஒரு நிதானம், சற்று மிகையான நிதானமே, இருக்கிறது. 2000 ஜூலையில் தாளவாடியை அடுத்த காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்று 108 நாட்கள் பிடித்து வைத்திருந்தபோது, இரு மாநிலங்களும் கொதித்தன. காவிரிச் சிக்கல் முற்றும்போதெல்லாம் எல்லையில் பேருந்துகள் நின்றுவிடுகின்றன. வீட்டில் கன்னடமும் அலுவலகத்தில் தமிழும் பேசுகிறவர், அந்நாட்களில் வாயைக் கட்டிக்கொள்வதில் வியப்பென்ன?

எல்லை அவர்களை உறுத்துவது வேறோர் இடத்தில். யானை மிதித்த ராகி வயலுக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனுக் கொடுக்க, கன்னட வழியில் படித்த விவசாயி தமிழில் எழுதித் தர ஆள் தேட வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் அடுத்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை குறையலாம். ஆனால் கன்னடம் தெரிந்த தமிழாசிரியர்களை அங்குள்ள கன்னட வழிப் பள்ளிகளுக்கு அனுப்பினால்தான் அது நடக்கும். உங்கள் நண்பர் கவலைப்பட விரும்பினால், இதைப் பற்றிக் கவலைப்படட்டும்.