புளிமூட்டையா, மத்தி டப்பாவா?

கேள்வி: சென்ற இதழில் மும்பை லோக்கல் ரயிலைப் பற்றி ‘புளிமூட்டை போல ஜனங்களை அடைத்துக்கொண்டு’ என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் புளி? ‘டப்பாவில் அடைத்த மத்தி மீன்’ என்று புதுசாக எழுதினால் என்ன?
- ஒரு வாசகர், செம்பூர்

பதில்: டப்பா மத்தியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வரிசை கட்டி, எண்ணெயில் சுகமாகப் படுத்திருக்கும். காலை எட்டரைக்கு தாதர் ஸ்டேஷனில் அப்படிப் படுக்க இடம் கிடைத்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மும்பையில் ரயில் பெட்டிக்கும் டப்பா என்றே பெயர் என்பதால் சபலம் தட்டியிருக்கும். நமக்கு மத்தி கூடையில் வந்த மீன், ஐயா. டப்பாவில் வந்தது வெள்ளைக்காரன் வீட்டில்.

புளி வேறு. நெல் மூட்டைக்குள் கையை விட்டால் மணி விலகி வழிவிடும். கொட்டை எடுத்து, அமுக்கி, மூட்டை கட்டிய புளியில் எது எந்தப் பழம் என்று பிரிக்க முடியுமா? பக்கத்து ஆளின் வியர்வை நம் சட்டையில் ஏறுகிற வண்டிக்கு வேறு எதைச் சொல்ல? ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதற்கு ரயில்வேக்காரர்கள் ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நாலு வார்த்தை சேர்ந்தும் அந்தப் பிசுக்கு வரவில்லை.

உண்மையான பிழை உங்கள் கண்ணில் படவில்லை: ‘அடைத்து’. ஆட்டைப் பட்டியில் அடைத்தால் படலைச் சாத்துகிறோம். கள்ளனைச் சிறையில் அடைத்தால் பூட்டுகிறோம். கதவு சாத்தாமலே ஓடுகிற லோக்கலில் யாரை அடைப்பது? 2017 டிசம்பர் 25 அன்று ஓடத் தொடங்கிய ஏசி லோக்கலுக்குத் தானே மூடும் கதவு உண்டு. அதற்கு வேண்டுமானால் எழுதலாம்.

‘திணித்து’ என்று எழுதியிருந்தால்? புறநானூற்றின் ‘மண் திணிந்த நிலன்’ வெறும் செறிவுதான், வம்பில்லை. இந்தித் திணிப்புக்குப் பிறகு அந்தச் சொல்லில் கட்டாயம் ஏறிவிட்டது. லோக்கலில் ஏறச் சொல்லி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, மாதக் கடைசியில் வரும் சம்பளத்தைத் தவிர.

பிளாட்பாரத்தில் முண்டியடிக்கிறோம், உள்ளே நெருக்கியடித்து நிற்கிறோம். மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளாய் ‘சௌதி சீட்’ பிடித்து, பாதி இடுப்பு வெளியே தொங்க உட்காருகிறாரே, அவர் ஒருவர்தான் தம்மைச் செருகிக்கொள்கிறார்.

ஆகவே சென்ற இதழ் வாக்கியத்தை ‘புளிமூட்டையாய் நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள்’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.