டைரி எழுதினா மனசு ஆறுமா, இன்னும் கிளறுமா?

கேள்வி: அக்கா, ரெண்டு மாசமா டைரி எழுதுறேன். ஆபீஸ்ல ஒரு சீனியர் மேடம் எல்லார் முன்னாடியும் என்னை மட்டம் தட்டிட்டாங்க, அதையேதான் தினமும் எழுதுறேன். எழுதினா மனசு லேசாகும்னாங்க, எனக்கு எழுதி முடிச்சதும் இன்னும் ஜாஸ்தியா எரியுது, தூக்கமும் போச்சு. நிறுத்திடவா?
- வாசகி, திருச்சி

பதில்: தினமும் ராத்திரி அந்த மேடத்த வீட்டுக்கே கூப்பிட்டு உட்கார வச்சு இன்னொரு தடவ திட்டு வாங்கிட்டு இருக்கீங்க, அப்புறம் எப்படிம்மா தூக்கம் வரும்?

அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜி ப்ரொபசர். காலேஜ் பசங்கள வச்சு அவர் பண்ணின ஆராய்ச்சி 1986ல வெளிவந்துச்சு. மனச உலுக்குன விஷயத்தப் பத்தி ஒரு நாளைக்கு 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள் எழுதணும், ஸ்பெல்லிங் தப்பானாலும் பரவால்லன்னுட்டாரு. எழுதி முடிச்ச உடனே பசங்க டல்லாதான் ஆனாங்க, அதனால உங்களுக்கு எரியுறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா நடந்ததையும் அதுல பட்ட வேதனையையும் சேத்து எழுதுனவங்க அடுத்த 6 மாசத்துல டாக்டர்கிட்ட போனது கம்மி. நாலே நாள் பாருங்க, நீங்க அறுபது நாளா அதே இடத்துல நிக்குறீங்க.

அப்புறமா அவர் கவனிச்ச இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடிச்சது. யாருக்கு நல்லா பலன் கிடைச்சுதோ அவங்க எழுத்துல நாள் போகப் போக "ஏன்னா", "அதனாலதான்", "இப்பதான் புரியுது" மாதிரி வார்த்தைங்க கூடிக்கிட்டே வந்துச்சாம். உங்க நோட்ட எடுத்து இந்த வார்த்தைங்க எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. நான் ஒரு தடவ கல்யாண வீட்ல நடந்த ஒரு பேச்ச பதினோரு பக்கம் எழுதி வச்சிருந்தேன், ஒரு வருஷம் கழிச்சுப் படிச்சா பக்கத்துக்குப் பக்கம் "அவ அவ"ன்னுதான் இருக்கு, "நான்"ங்கிற வார்த்தைய தேட வேண்டியிருந்துச்சு!

அதனால ஒரு நாள் கொட்டித் தீத்துடுங்க. மறுநாள் அவங்க வாயில இருந்து வந்த வார்த்தைய மட்டும் எழுதுங்க, நீங்களா சேத்துக்கிட்டது வேணாம். அடுத்த நாள், அதுல எந்த வார்த்தை குத்துச்சு, ஏன் அது மட்டும் குத்துச்சு? நாலாவது நாள் நோட்ட மூடிடுங்க.

எழுதுறத சாயங்காலமே முடிச்சிடணும். படுக்கும்போது கை அரிச்சா நாளைக்குப் பண்ண வேண்டிய வேலைய எழுதுங்க. 2018ல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சில, படுக்குறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் அப்படி எழுதுனவங்க, முடிச்ச வேலைய எழுதுனவங்கள விட சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்களாம். அப்பவும் தூக்கம் வரலன்னா டாக்டரப் பாருங்க, இல்ல டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோடது, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: வருஷா வருஷம் ஜனவரி பத்தாம் தேதியோட என் டைரி நின்னுடுது. டெய்லி எழுதியே ஆகணுமா?
- வாசகர், மதுரை

பதில்: யார் சொன்னா? பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துப் புதுச்சேரில துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் எழுதினாரே, கப்பல் வந்தது, சகுனம் பாத்தது, யாருக்கு யாரோட மனஸ்தாபம்னு ஒண்ணு விடாம, அந்த மனுஷனோட டைரியிலயே நடுநடுவுல நாள் விட்டுப் போயிருக்கு. உங்க சிக்கல் நகைக்கடைல ஓசில குடுக்குற தேதி போட்ட டைரி, அதுல காலியா கிடக்குற பக்கமே முறைக்கும். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி எழுதுற அன்னிக்கு மட்டும் தேதி போட்டுக்குங்க.

கேள்வி: வீட்ல யாராவது எடுத்துப் படிச்சிட்டா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: எழுதினதும் கிழிச்சுப் போட்டுடுங்க. மனசுல இருந்தது வெளிய வர்றதுதான் முக்கியம், பேப்பர பத்திரமா வச்சிருக்கணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா குப்பைக் கூடைல அப்படியே முழுசா போட்டுடாதீங்க, எங்க வீட்ல அப்படித்தான் மாட்டுச்சு.