வேறு யாரோ என்று நினைத்து உங்களைத் தடை செய்துவிட்டார்களா? கேள்விகளும் பதில்களும்

இணையச் சமூகங்களில் நிர்வாகியாக இருந்து, தடை நீக்கக் கேட்டு வரும் முறையீடுகளை நீண்ட காலமாகப் படித்து வருகிறேன். அவற்றில் என்னை அதிகம் வருத்துபவை, எந்தத் தப்பும் செய்யாமல் இன்னொருவர் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எழுதுபவை. இது குறித்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

சார், திடீரென்று என் கணக்கைத் தடை செய்துவிட்டார்கள். காரணம் 'கைப்பாவைக் கணக்கு' என்று இருக்கிறது. அவர்கள் சொல்லும் அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. எப்படி என்னை அவராக நினைத்தார்கள்?

ஒருவரே வேறு பெயரில் இன்னொரு கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு ஆட்கள் போல நடந்துகொண்டால் அந்த இரண்டாவது கணக்கைக் கைப்பாவை என்கிறோம். தடை செய்யப்பட்டவர் புதுப் பெயரில் திரும்பி வந்தாலும் அப்படித்தான் சொல்வோம். நிர்வாகி உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பவை இரண்டு: இணைப்பு விட்டுச் செல்லும் தடயமும், நீங்கள் எழுதும் விதமும்.

தடயம் என்பது பெரும்பாலும் ஐ.பி. முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியும்தான். பழைய ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்களை வைக்கின்றன. நீங்களும் அந்த ஆளும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் போதும், ஒரே முகவரியில் தெரிய வாய்ப்பு உண்டு.

பிரவுசர் வரியும் முன்பு போல உதவாது. ஆண்ட்ராய்டு குரோம் முன்பெல்லாம் போனின் மாடலையே அதில் சொல்லிவிடும். 2023 முதல் எந்தப் போனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10' என்றும், மாடல் இருக்கவேண்டிய இடத்தில் 'கே' என்ற ஒற்றை எழுத்தையும்தான் காட்டுகிறது. "முகவரியும் பிரவுசரும் ஒத்துப்போகின்றன" என்று யாராவது சொன்னால், இருவரும் ஒரே நெட்வொர்க்கில் ஆண்ட்ராய்டு குரோம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

அண்ணா, ஒரே ஐ.பி. என்றால் ஒரே வீடு, இல்லையென்றால் ஒரே அலுவலகம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒரு நாடாகவே இருந்திருக்கிறது. 2007 புத்தாண்டை ஒட்டி, தொல்லை தந்துகொண்டிருந்த ஒரு ஐ.பி. முகவரியை ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை செய்தார்கள். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு முகவரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் அரை நாளுக்குள் தடையை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு வந்த செய்தியில் என் பெயரே இல்லை. 'நீங்கள் பயன்படுத்தும் முகவரி தானாகத் தடை செய்யப்பட்டுள்ளது' என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதற வேண்டாம். யாரும் உங்களைச் சந்தேகிக்கவில்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளில், ஒரு கணக்கைத் தடை செய்தால் அந்தக் கணக்குக்காரர் கடைசியாக வந்த முகவரியையும் சேர்த்து அடைக்கும் வசதி உண்டு. அது 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும். அவசரம் என்றால் செய்தியில் உள்ள தடை எண்ணைக் குறிப்பிட்டு நிர்வாகியிடம் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் தேடுவது அவர்களுக்குக் கஷ்டம்.

என் எழுத்து நடை அந்தத் தடை செய்யப்பட்டவரின் நடை போலவே இருக்கிறதாம். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன். தவறான தடைகளில் பாதிக்கப்பட்டவர் வலுவாக எதிர்வாதம் செய்யக்கூடிய இடம் இதுதான்.

நடை ஒப்பீட்டில் பார்க்க வேண்டியது, ஒற்றுமை எவ்வளவு அரிதானது என்பது. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றெழுத்தை விட்டுவிடுவது, ர-ற குழப்பம், வரி முடிவில் மூன்று புள்ளி வைப்பது, இவையெல்லாம் ஆயிரக்கணக்கானோரிடம் இருப்பவை. இவற்றை எத்தனை அடுக்கினாலும் ஒரே ஆள் என்று ஆகாது. ஒரு குறிப்பிட்ட ஊர்ப்பெயரை வேறு யாரும் எழுதாத விதத்தில் இரு கணக்குகளும் பிழையாக எழுதினால், அது யோசிக்க வேண்டிய விஷயம். ஒரே கருத்தைச் சொல்வதும் ஆதாரம் இல்லை. ஒரு சர்ச்சை சூடாக இருக்கும்போது ஒரே பக்கம் நின்று பேசப் பலர் வரத்தான் செய்வார்கள்.

அதனால் "என்ன ஒற்றுமை என்று தயவுசெய்து குறிப்பாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொன்னபின், அதே பழக்கம் உள்ள வேறு உறுப்பினர்களின் பதிவுகளைக் காட்டுங்கள். அப்புறம் வேற்றுமைகளைச் சொல்லுங்கள். அந்த ஆள் வருவதற்கு முன்பே நீங்கள் எழுதியவை, அவர் தொடாத துறைகளில் உங்கள் பங்களிப்பு, இருவருக்கும் இடையே நடந்த பழைய வாக்குவாதம் ஏதாவது இருந்தால் அது. இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் எழுதியிருப்பதைக் காட்டினால் கொஞ்சம் உதவும். ஆனால் ஒருவரே இரண்டு கருவிகளை வைத்திருக்க முடியும் என்பதால், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். விளக்கம் சொல்லக்கூட வழியில்லை. புதுக் கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே போய்ச் சொல்லிவிடட்டுமா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இதுவரை உங்கள் மேல் இருப்பது சந்தேகம். இரண்டாவது கணக்கைத் தொடங்கிய நிமிடமே அது நிரூபணம் ஆகிவிடும். முதல் தடை தவறு என்று பின்னால் தெரிந்தாலும், இரண்டாவது நிற்கும். தடைச் செய்தியிலேயே முறையீட்டுக்கு ஒரு வழி இருக்கும். விக்கிப்பீடியா போன்ற இடங்களில், தடைக்குப் பிறகும் உங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் உங்களோடு பேசுவதற்கான பக்கம்) பெரும்பாலும் எழுத முடியும். அதுவும் அடைபட்டிருந்தால் மின்னஞ்சல்தான் வழி.

முறையீட்டை எப்படி எழுதினால் படிப்பார்கள்?

சுருக்கமாக எழுதுங்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில் இந்தப் பயனரின் கைப்பாவை என்று என்னைத் தடை செய்தீர்கள். நான் அவர் இல்லை. இந்த ஒரு கணக்கைத்தான் பயன்படுத்துகிறேன். என் இணைப்பு மொபைல் டேட்டா, பலர் பகிரும் முகவரி. எங்கள் இருவரின் பங்களிப்பில் உள்ள வேற்றுமைகளை இணைப்புகளுடன் கீழே தந்திருக்கிறேன். வேறொரு நிர்வாகி பார்க்க வேண்டுகிறேன்."

தாமதிக்காமல் அனுப்புங்கள். விக்கிப்பீடியாவில் இணைப்புத் தடயங்கள் 90 நாட்கள் மட்டுமே சேமிப்பில் இருக்கும். உங்களை விடுவிக்கக்கூடிய தகவலும் அதோடு போய்விடும்.

நான் வேறு ஆள் என்று காட்ட அடையாள அட்டையை அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். நீங்கள் யார் என்பதைத்தான் அட்டை சொல்லும், அந்த இன்னொரு கணக்கை நடத்துவது யார் என்பதைச் சொல்லாது. முன்பின் தெரியாத தன்னார்வலர் கையில் உங்கள் ஆவணம் போனதுதான் மிச்சம்.

அண்ணா, தடை செய்யப்பட்டது உண்மையிலேயே என் தம்பி. ஒரே வீடு, ஒரே லேப்டாப். யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் நிலை சிரமமானதுதான். மாட்டிக்கொண்ட பலர் இதே கதையைப் பொய்யாகச் சொல்லியிருப்பதால், உண்மை சொல்பவருக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. தம்பி எழுதிய தலைப்புகள் பக்கமே போகமாட்டேன் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். கூட்டுக் குடும்பமாக ஒரே இணைப்பில் எழுதுபவர்கள், பிரச்சினை வருவதற்கு முன்பே தங்கள் அறிமுகப் பக்கத்தில் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

பெயர் குழப்பத்தால் இப்படி நடக்குமா?

நடக்கும், தமிழில் இன்னும் எளிதாக நடக்கும். 'ஔ' என்பதை ஒற்றை எழுத்தாகவும் அடிக்கலாம், 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகவும் அடிக்கலாம். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். உங்கள் பெயரைப் போலவே ஒருவர் பதிவு செய்து வம்பு செய்தால், இரண்டு பெயர்களையும் அப்படியே நகலெடுத்து ஒட்டி நிர்வாகிக்கு அனுப்புங்கள். கையால் தட்டச்சு செய்து அனுப்பினால் மறுபடியும் குழப்பம்.

வி.பி.என். பயன்படுத்துகிறேன். அது காரணமா?

இருக்கலாம். வி.பி.என். உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுபோகும்; அதே சர்வர் வழியாகத் தொல்லைக்காரர்களும் வருவார்கள். அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

நானும் ஒரு சிறு குழுமத்தின் நிர்வாகி. அப்பாவிகளைத் தடை செய்யாமல் இருக்க என்ன வழி?

நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. சந்தேகம் வந்தால் முதலில் அந்த உறுப்பினரிடமே கேளுங்கள். அவர் அப்போது எந்த நாசமும் செய்யவில்லை என்றால், ஒரு நாள் காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. முறையீடு வந்தால், தடை போட்டவரே தீர்ப்புச் சொல்லக்கூடாது. இன்று தப்பிவிடும் தொல்லைக்காரரை நாளை மறுபடி பிடிக்கலாம். ஆர்வத்தோடு வந்து முதல் வாரத்திலேயே 'நீ பொய்யன்' என்று கேட்டுவிட்டுப் போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. தேடிப் போய் அழைக்கவும் நம்மிடம் முகவரி கிடையாது.

தடையை நீக்கிவிட்டார்கள் சார். ஆனாலும் தடைப் பதிவில் என் பெயர் அப்படியே இருக்கிறது. அழிக்கச் சொல்லலாமா?

பெரும்பாலான இடங்களில் அழிக்க மாட்டார்கள். ஆனால் தடையை நீக்கும்போது எழுதும் காரணமும் அதே பதிவில் வரும். அங்கே "முறையீடு ஏற்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் பிறகு படிப்பவர்களுக்குச் சந்தேகம் மிஞ்சும். "வேறு நபர், தடை தவறு" என்று தெளிவாக எழுதித்தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே மொட்டையாக எழுதிவிட்டார்கள் என்றால், உங்கள் பேச்சுப் பக்கத்திலாவது அந்த நிர்வாகி கையெழுத்தோடு ஒரு வரி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது பழைய பதிவைக் காட்டினால் அந்த வரிக்கான இணைப்பைக் கொடுத்துவிடலாம்.